மாமன் மடி

அந்த ஆண்டு எனக்கு எல்லாவற்றிலும் அலுப்புத் தட்டியிருந்தது. காலையில் கிளினிக் கதவைத் திறக்கும்போதே எப்போது மூடுவோம் என்றிருக்கும். சிவகாசியிலிருந்து சாத்தூர் போகும் சாலையில், இரண்டு பட்டாசுக் கம்பெனிகளுக்கும் ஓர் அச்சகத்துக்கும் நடுவில் என் கிளினிக். போர்டில் பெண்கள் மருத்துவர் என்றுதான் எழுதியிருந்தது. அதைப் படித்துப் பார்த்து வந்தவர் ஒருவரும் இல்லை. காய்ச்சல், கட்டி, தீக்காயம், பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு எல்லாம் என்னிடம்தான் வரும்.

தீபாவளிக்கு எட்டொன்பது மாதம் முன்பே சீசன் சூடுபிடித்துவிடும். சீசனில் பெண்கள் லீவு போட மாட்டார்கள். கம்பெனி வேன் சாயங்காலம் இறக்கிவிட்டதும் மொத்தமாக வந்து வரிசையில் நிற்பார்கள். நகக்கண்ணில் அலுமினியப் பொடி மினுங்கும். ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தால் அதிகம். கேட்பது, எழுதுவது, அடுத்த ஆள். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு வரிசையில்தான் அந்தப் பெண் தன் ஐந்து வயது மகளோடு வந்தாள். பிள்ளை அம்மாவின் சேலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக உள்ளாடையில் கறை படுகிறது, துவைத்தாலும் போகாத நாற்றம், பிள்ளைக்கு வலி ஒன்றும் சொல்லத் தெரியவில்லை என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். பின்னால் நிற்பவர்கள் காதில் விழக் கூடாதே என்று அவளுக்குக் கவலை. சின்னப் பெண்பிள்ளைகளுக்கு இப்படி வருவது சகஜம். பூச்சித் தொல்லை, சரியாகக் கழுவாதது, மண்ணில் உட்கார்வது என்று பத்துக் காரணம் உண்டு. பூச்சி மருந்தும், கிருமிக்கு ஐந்து நாள் குடிக்க ஒரு சிரப்பும் எழுதி, சுத்தம் பற்றி ஒரு பிரசங்கமும் செய்து அனுப்பினேன்.

சிரப் குடித்தவரை நின்றது. நிறுத்தின வாரத்தில் திரும்பி வந்தது. இன்னொரு சிரப் கொடுத்தேன். அதுவும் அதே கதை.

மூன்றாம் முறை வந்தபோது குற்றத்தை நான் மருந்தின் மேல் போட்டேன். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் முதலில் பட்டாசுக்குள் போகிற பொடிதான். தலைவலியா, மருந்து. தோல் அரிப்பா, மருந்து. பிள்ளை தங்கவில்லையா, அதற்கும் மருந்து. ஊர்க்காரர்கள்தான் அப்படிச் சொல்வார்கள் என்று நான் சிரிப்பதுண்டு. சாவகாசம் இல்லாத நாளில் நானும் அதையே சொன்னேன். கம்பெனியில் இருந்து வந்ததும் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும், வேலைச் சேலையை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்றேன். அவள் அப்படியே செய்தாள். தண்ணீர் வராத நாளில்கூட அடுத்த தெருக் குழாயில் குடம் தூக்கிவந்து குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கினாளாம். அதற்கும் ஒன்றும் குறையவில்லை.

விருதுநகருக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. இதற்குள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் பிள்ளையைக் கடைசியில், ஜன்னலோரம், தனியாக உட்கார வைத்துவிட்டார். நாற்றம் அடிக்கிறது என்று மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்திருக்கின்றன. அம்மா இதைச் சொல்லும்போது அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே, அது அவளிடம் இல்லை.

நான்காம் முறை கறையில் ரத்தம் கலந்திருந்தது. அன்றைக்கு எனக்கு மனம் வேறு பக்கம் போனது. எந்த டாக்டருக்கும் போகும், போகத்தான் வேண்டும். சின்னப் பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்திருப்பார்களோ என்று யோசிக்காத டாக்டர் டாக்டரே இல்லை. இன்றைக்கு அந்தப் பிள்ளை வந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்பேன். ஆனால் அதைக் கேட்பதற்கு ஒரு இடமும் ஒரு முறையும் இருக்கின்றன. தனியறையில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் பிள்ளையை ஒழுங்காகப் பார்க்க வேண்டும். ஏன் கேட்கிறேன் என்று தாய்க்கு விளக்க வேண்டும். நான் இதில் ஒன்றையும் செய்யவில்லை. வெளியே முப்பது பேர் நிற்கிறார்கள். மேஜைக்கு எதிரே அவளை நிற்க வைத்துக்கொண்டே, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன்.

அவள் வெள்ளந்தியாகச் சொன்னாள். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. கூடப்பிறந்த தம்பிதான் உடனிருக்கிறான். அச்சகத்தில் இரவு ஷிப்ட். பகலில் வீட்டில் இருப்பதால், பள்ளி விட்டு வரும் பிள்ளையைக் குளிப்பாட்டி, தலை சீவி, சோறு ஊட்டுவது எல்லாம் அவன் பொறுப்பு. நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினேன்.

"கொஞ்ச நாளைக்குப் பிள்ளைய அவர்கிட்டத் தனியா விடாதம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த மருந்துச் சீட்டைப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்து நடந்ததை என் நர்ஸ் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அவருக்கும் அதே தெரு. அந்தப் பெண் தம்பியிடம் இரண்டு நாள் வாயே திறக்கவில்லையாம். பள்ளி விட்டதும் பிள்ளை பக்கத்து வீட்டுக்குப் போகட்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். ஏன் என்று அவன் கேட்டான். கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், டாக்டரம்மா சொன்னாக என்று சொல்லியிருக்கிறாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் கையைக் கழுவிவிட்டு, கொடியில் கிடந்த இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு போனவன்தான். அச்சகத்து வேலையையும் விட்டுவிட்டு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்துவிட்டானாம். தங்க இடம் கொடுக்கிறார்கள் என்பதற்காக.

மை வேலையிலிருந்து மருந்து வேலைக்கு. அந்தப் பக்கம் எங்கே புகை கிளம்பினாலும் அவள் போன் பூத்துக்கு ஓடுவாள் என்று நர்ஸ் சொன்னார். என்னைக் குறை சொல்லும் தொனி அதில் இல்லை. என் கடமையைத்தானே செய்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். களைத்துப் போனவர்களுக்கு இந்த மாதிரிச் சமாதானங்கள் சீக்கிரம் கிடைத்துவிடும்.

தம்பி போன பிறகும் கறை நிற்கவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைக்க வைத்தது ஒரு புளியங்கொட்டை. மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்றை அதன் தகப்பன் தூக்கிவந்தார். ஒரு மூக்கில் மட்டும் சளி, பக்கத்தில் போக முடியாத நாற்றம். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே கறுப்பாக ஏதோ தெரிந்தது. கொக்கி போட்டு மெல்ல இழுத்தேன். ஊறி உப்பிய புளியங்கொட்டை தட்டில் விழுந்தது. குழந்தை வீறிட்டு அழுதது, தகப்பன் அசடு வழிந்தார். நர்ஸ் தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போனவர் பாதியில் நின்றுவிட்டார்.

"டாக்டரம்மா, இந்த நாத்தம் நமக்குப் பழகின நாத்தமா இருக்கே" என்றார்.

அதே நாற்றம்தான். ஏழு மாதமாக என் மேஜைக்கு எதிரே வந்து நின்ற நாற்றம். சிரப் கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும், ரத்தம் காட்டும், பூச்சி மருந்துக்கும் சுத்தத்துக்கும் அசையாது. உள்ளே ஏதோ ஒன்று சிக்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? படிக்கிற காலத்தில் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கின பாடம் இது. மூக்கு என்றால் தோன்றுகிறது, காது என்றால் தோன்றுகிறது, இங்கே மட்டும் தோன்றவில்லை. ஸ்கேன் சரி என்றதும் நானும் சரி என்று விட்டுவிட்டேன். துணியோ காகிதமோ ஸ்கேனில் தட்டுப்படாமல் போகலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்.

மறுநாளே நர்ஸை அனுப்பி அவளைக் கூப்பிட்டேன். இந்த முறை கதவைச் சாத்தி, உட்கார வைத்துப் பேசினேன். விருதுநகரில் எனக்குத் தெரிந்த ஓர் ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குக் கொஞ்ச நேரம் மயக்கம் கொடுத்துப் பார்க்க வேண்டும், வலியோ பயமோ பிள்ளைக்குத் தெரியாது, வெட்டுவது தைப்பது எதுவும் கிடையாது என்று விளக்கினேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அதில் தெரிந்துவிடுமா என்றாள். எது என்று நான் கேட்கவில்லை. தெரியும் என்றேன்.

கால் மணி நேர வேலை. மெல்லிய ரப்பர் குழாய் வழியாக வெதுவெதுப்பான உப்புநீர் விட்டுக் கழுவினோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு துணுக்கு. பிறகு இன்னொன்று, சுண்டுவிரல் நகம் அளவு, சுருட்டிய காகிதம். இத்தனை மாதம் ஊறியும் முழுதாகக் கரையவில்லை. கெட்டியாக ஒட்டியிருந்தது. எந்தப் பசை இப்படி ஒட்டும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சுகிற மைதாப் பசை. பட்டாசுக் காகிதக் குழாய் உருட்டுகிற பசை. வேறு காயமோ தழும்போ எதுவும் இல்லை. நன்றாகத் தேடிப் பார்த்தேன். இல்லை.

பிள்ளைக்கு மயக்கம் தெளிந்து, டீயில் நனைத்த பன் தின்றுகொண்டிருந்தபோது கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்க வேண்டிய எல்லாவற்றையும் அன்று கேட்டேன். அவசரப்படாமல், பிள்ளைக்குப் புரிகிற மாதிரி. யாராவது தொட்டார்களா, யாராவது பயமுறுத்தினார்களா, மாமா எப்படி. மாமா நல்லா சடை போடும் என்றது. காகிதத்தைக் காட்டினேன். இது எப்படிப் போச்சு கண்ணு என்றேன்.

"நாந்தான் அடச்சேன்" என்றது பிள்ளை. "பாயில ஒழுகக் கூடாதுன்னு."

எனக்குப் புரியவில்லை. கால்மாட்டில் நின்ற அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

கம்பெனி வேலை முடிந்து வந்த பிறகும் அந்தத் தெருப் பெண்களுக்கு வீட்டில் வேலை உண்டு. காகிதத்தைக் கம்பியில் உருட்டிக் குழாய் செய்து, வளையமாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அடிப்பக்கம் மண் வைத்து அடைப்பார்கள். அடைக்காவிட்டால் கம்பெனியில் மருந்து கொட்டும்போது கீழே ஒழுகிவிடும். அடைப்புச் சரியில்லை என்றால் மொத்த வளையமும் திரும்பி வரும். பிள்ளை இதைத் தினமும் பார்த்து வளர்ந்தது. அந்தப் பிள்ளைக்கு ராத்திரியில் பாயை நனைக்கிற பழக்கமும் இருந்தது. விடிந்ததும் வேனுக்கு ஓட வேண்டிய அம்மாவுக்குப் பாயை அலசப் பொழுது இல்லை. ஒருநாள் கோபத்தில் அவள் கத்தியிருக்கிறாள். "ஒனக்கும் மண்ணு வச்சு அடச்சாத்தான் சரிப்படுவ." எந்தத் தாயும் சொல்லக்கூடிய வசவு. சொல்லிவிட்டு மறந்தும் போனாள். பிள்ளை மறக்கவில்லை. மண் வைத்தால் உறுத்தும் என்று காகிதக் குழாயை எடுத்திருக்கிறது. எந்த வழி எதற்கு என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லித் தந்தார்கள்? வைத்த பிறகும் பாய் நனைந்தது. எடுக்கவும் தெரியவில்லை, சொல்லவும் பயம். பிறகு அதுவே மறந்துபோயிற்று.

ஏழு மாதத்தில் அந்தப் பிள்ளையிடம் நான் நேராக ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். அதன் தலைக்கு மேலேயே நானும் அதன் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தோம். இதை நினைத்தால் எனக்கு என் மேல் வருகிற எரிச்சல் இன்றுவரை தணியவில்லை.

அம்மா வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து முகம் கழுவி வந்து, பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள். "நான் சொன்னதுக்கு எந் தம்பியத் தொரத்திட்டேனே டாக்டரம்மா."

நாங்கள் இருவருமாகத் துரத்தினோம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. டாக்டர்களுக்கு அந்த அளவு நேர்மை உடனே வருவதில்லை.

பத்தே நாளில் பிள்ளை முழுதாகச் சுகமாயிற்று. பள்ளியில் பழைய இடத்துக்குப் போயிற்று. தீபாவளி முடிந்து, சீசன் ஓய்ந்து, ஊரே கால் நீட்டிப் படுத்திருந்த ஒரு வாரத்தில் அவள் கிளினிக்குக்கு வந்தாள். இருக்கன்குடிக் கோயிலில் பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்துவதாக வேண்டியிருந்தாளாம், தை மாதம் நாள் பார்த்திருக்கிறார்கள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். இவளுக்கு இருப்பது ஒரே தம்பி. மூன்று முறை போய்க் கூப்பிட்டும் அவன் வரவில்லை. வாங்க என்று சொல்லி டீ வாங்கிக் கொடுக்கிறான், பிள்ளையைப் பற்றி விசாரிக்கிறான், வருகிறேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறான். வீட்டுக்காரர் போய்ப் பேசியும் நடக்கவில்லை. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வருவான் என்றாள். என் ஒரு வார்த்தையில்தானே போனான். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். அலுப்பு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெம்பக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

கம்பெனிக்கு வெளியே, வேப்பமரத்தடியில் அவனைப் பார்த்தேன். இருபத்து மூன்று இருபத்து நாலு வயது இருக்கும். அதுவரை நான் அவனைப் பார்த்ததே இல்லை. ஒரு முகத்தைக்கூடப் பார்க்காமல் அவ்வளவு பெரிய சந்தேகத்தை வைத்திருக்கிறேன். விரல்களில் வெள்ளிப் பொடி ஏறியிருந்தது. நான் யாரென்று சொன்னதும் பக்கத்து டீக்கடைக்குள் போய் எனக்கு ஸ்டூல் எடுத்துவந்து போட்டான். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தை, பசையை, நான் முதலிலேயே பார்க்காமல் விட்டதை. கடைசியில் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க கேட்டது தப்புன்னு சொல்ல மாட்டேன் டாக்டரம்மா. ஊருல நடக்காததா? கேக்க வேண்டியது ஒங்க வேல" என்றான். பிறகு, பிள்ளைக்கு இப்போது வலி எதுவும் இல்லையே என்று கேட்டான். இல்லை என்றேன். சந்தோஷப்பட்டான். அது நிஜமான சந்தோஷம். எனக்குத் தைரியம் வந்து, அப்படியானால் தை மாதம் காது குத்துக்கு வாங்க தம்பி, அக்கா உங்களுக்காகத்தான் காத்திருக்கிறாள் என்றேன்.

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மடியில உக்கார வைக்கச் சொல்றீக. ஊசி குத்தையில புள்ள துள்ளும். ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிக்கணும். எங்கக்கா எதுக்கதான் நிக்கும். அது ஊசியப் பாக்காது டாக்டரம்மா. எங் கையத்தான் பாத்துக்கிட்டு இருக்கும்."

அவள் அப்படிப் பார்க்க மாட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அன்று என் மேஜைக்கு எதிரே தம்பிக்காக ஒரு வார்த்தையும் சொல்லாமல் நின்றது நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.